வீடே முதல் மக்தப்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டு விட்டன. அடுத்து, பொதுக்குழுவின் முன் ஒரு கோரிக்கை இருக்கிறது. மதரஸாவின் மேல்தளத்தில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்க வேண்டும் என்று நம் சகோதரர்கள் சிலர் மனுக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய எண்ணம் நல்ல எண்ணம். நம் பிள்ளைகள் பின்தங்கிவிடக் கூடாது என்ற கவலையில் பிறந்த எண்ணம். அது குறித்து முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு உரியது. ஆனால் முடிவெடுப்பதற்கு முன், மூன்று முதல் ஐந்து வயது வரையிலான ஒரு குழந்தைக்கு உண்மையிலேயே தேவையானது எது என்பதை நாம் சிந்தித்துக்கொள்வது நல்லது. அதைப் பற்றிச் சில சொற்கள் சொல்லுமாறு முத்தவல்லி அவர்கள் என்னைப் பணித்திருக்கிறார்கள்.

ஒரு குழந்தையின் ஒரு நாள்

விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலை நம் ஊரின் வழியே போகிறது. காலை எட்டு மணிக்கு அந்தச் சாலையோரம் நின்று பாருங்கள். பள்ளி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். கண்ணில் தூக்கம் கலையாத சிறு பிள்ளைகள், தங்கள் முதுகை மறைக்கும் பைகளோடு அவற்றில் ஏற்றப்படுவார்கள். மாலையில் திரும்பி வந்ததும் வீட்டுப்பாட நோட்டு. மக்ரிபுக்குப் பின் மக்தப். இரவு சோறு ஊட்டும்போது, வாயைத் திறக்க வைப்பதற்குக் கையில் செல்போன். இத்துடன் அக்குழந்தையின் நாள் முடிந்து விடுகிறது.

இந்த நாளில், அந்தக் குழந்தையோடு ஒருவர் அமர்ந்து, அது சொல்வதைக் கேட்டு, அதற்குப் பதில் சொல்லி, அதன் கையில் ஒரு வேலையைக் கொடுத்து, அது செய்து முடிக்கும்வரை காத்திருந்த நேரம் எவ்வளவு? பல வீடுகளில் அரைமணி நேரம்கூட இருக்காது. அந்த அரைமணி நேரத்தைத்தான் நான் இன்று உங்களிடம் கேட்கிறேன். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டடம் வேண்டாம். தாய் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

நான் செய்த தவறு

இதை எனக்குக் கற்பித்தது என் வீட்டில் நடந்த ஒரு சம்பவம். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும், கேட்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், என் மூத்த மகளுக்கு நான்கு வயது, நான்கு மாதம், நான்கு நாள் நிறைந்தபோது, நம் பெரியவர்களின் வழக்கப்படி பிஸ்மில்லாஹ் ஓதிக் கொடுத்து, உறவினர்களுக்கு இனிப்பும் வழங்கினோம். ஹள்ரத்தின் மகள் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்ற ஆசை எனக்கு. மறுநாளே பலகையையும் பென்சிலையும் கையில் கொடுத்து, அலிஃப் எழுது என்றேன். எழுதினாள், கோணியது. பே எழுது என்றேன். புள்ளியை மேலே வைத்தாள். திருத்தினேன், மீண்டும் மேலே வைத்தாள். நான்காம் நாள் பொறுமை இழந்து, அவளுடைய விரல்களில் பிரம்பால் தட்டிவிட்டேன்.

பலமாகத் தட்டவில்லை என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று முதல், பலகையை எடுத்தாலே அவள் ஓடிப்போய்த் தன் நன்னியின் முந்தானைக்குள் ஒளிந்து கொள்வாள். வாய் நிறையப் பேசிய பிள்ளை, என்னைக் கண்டால் பேச்சைக் குறைத்துக் கொண்டாள். ஏழாண்டுகள் ஓதி ஸனது வாங்கிய எனக்கு, என் சொந்தப் பிள்ளையை எழுத்தின் பக்கம் திருப்பிக் கொண்டுவர வழி தெரியவில்லை.

வழி தெரிந்தவர் என் தாயார். அல்லாஹ் அவர்களுக்கு மறுமையில் உயர்ந்த பதவியைத் தருவானாக. குர்ஆனை எழுத்துக்கூட்டி அழகாக ஓதுவார்கள். ஆனால் தம் பெயரை எழுதத் தெரியாது. ரேஷன் கடையில் கைநாட்டு வைத்தவர்கள். ஒரு நாள் சமையலறையில் தேங்காய் கீறிக்கொண்டிருந்தபோது, பேத்தியை அருகில் அமர்த்தி, முருங்கைக்காய்த் துண்டு ஒன்றை நெட்டாக வைத்து, இதுதான் அலிஃப் என்றார்கள். வளைந்த தேங்காய்க் கீற்று ஒன்றைப் படுக்க வைத்து, அதன் அடியில் ஒரு புளியங்கொட்டையை வைத்து, இது பே என்றார்கள். கொட்டையை எடுத்துவிட்டு, மேலே இரண்டு வைத்தால் தே. மூன்று வைத்தால் ஸே. பிள்ளை சிரித்தாள். தானே வைத்துப் பார்த்தாள். மாற்றி வைத்தாள். ஆட்டம் முடிந்ததும் அந்தத் தேங்காய்க் கீற்றைத் தின்றும் விட்டாள்!

ஒரு மாதத்தில் புள்ளியுள்ள எழுத்துகள் அனைத்தும் அவளுக்கு வசமாயின. பென்சிலை அதற்குப் பிறகு ஓராண்டு கழித்துத்தான் தொட்டாள். இன்று அவள் கல்லூரியில் படிக்கிறாள். ஆனால் அந்தப் பிரம்பை அவள் மறக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மூன்று எழுத்துகளின் சுமை

நம் பிள்ளைகளின் சுமை மற்றவர்களுடைய சுமையை விடச் சற்று அதிகம் என்பதையும் உணர வேண்டும். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. ஆக 247 எழுத்துகள். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். பெரிதும் சிறிதுமாக 52 வடிவங்கள். அரபியில் 28 எழுத்துகள். சொல்லின் முதலில் ஒரு வடிவம், இடையில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம். தமிழையும் ஆங்கிலத்தையும் இடமிருந்து வலமாக எழுத வேண்டும். அரபியை வலமிருந்து இடமாக எழுத வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு இம்மூன்றையும் ஒரே ஆண்டில், பென்சிலைப் பிடித்து எழுத வைத்தால், அது எப்படித் தாங்கும்?

கையின் நிலையையும் பாருங்கள். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருந்து, ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கெட்டிப்படுகின்றன. எட்டும் நிறைவுபெறப் பத்து, பன்னிரண்டு வயதாகிறது என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். முற்றாத கையில் நாம் ஒரு பக்கம் முழுவதும் எழுதச் சொல்லி நோட்டைத் திணிக்கிறோம்.

முதலில் காது, அடுத்து கண், கடைசியில் கை. இதுதான் வரிசை. ஓசையைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு வடிவம் எளிதாகும். வடிவத்தைப் பார்த்துத் தடவிப் பழகிய பிள்ளைக்கு எழுத்து தானாக வரும். மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்த நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகள் விரலை முதலில் பழக்கின. எழுத்தாணி பிறகுதான் வந்தது.

ஏழு வயது வரை கட்டளை இல்லை

தொழுகை மார்க்கத்தின் தூண். அந்தத் தொழுகையைக்கூடப் பிள்ளைக்கு ஏவும் வயது ஏழு என்றே நபி (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்தார்கள். அப்படியானால் அதற்கு முந்திய ஆண்டுகள் வீணானவையா? இல்லை. அவை உடன் இருந்து பார்க்கும் ஆண்டுகள்.

நபி (ஸல்) அவர்கள் ஸஜ்தாவில் இருந்தபோது பேரர் முதுகில் ஏறிக் கொண்டதையும், அந்தப் பிள்ளையை அவசரப்படுத்த மனமின்றி ஸஜ்தாவை அவர்கள் நீட்டியதையும் நாம் கேட்டிருக்கிறோம். பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுகை நடத்தியதையும் அறிவோம். அனஸ் (ரலி) அவர்களுடைய சின்னத் தம்பி ஒரு சிறு பறவையை வளர்த்து, அது இறந்து போனதால் வருந்தியபோது, அந்தப் பறவையைப் பற்றி அப்பிள்ளையிடமே விசாரித்தார்கள். மதீனாவின் ஆட்சிப் பொறுப்பைச் சுமந்தவர்களுக்கு ஒரு சிறுவனின் பறவையைப் பற்றிப் பேச நேரம் இருந்தது. கடைக்கும் வயலுக்கும் போய்வரும் நமக்கு நேரமில்லை என்று சொல்லலாமா?

அடையாற்றில் நடந்தது

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கொரு முன்னுதாரணம் உண்டு. இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைகளின் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போய்விட, வீட்டில் தனித்து விடப்பட்ட பிள்ளைகளுக்கான இடம் அது. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, ஏறத்தாழ 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப்போர் மூண்டதால் ஊர் திரும்ப இயலாமல், கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றி, 1946இல்தான் ஐரோப்பா சென்றார்.

அவர் குழந்தைகளுக்குக் கொடுத்த முதல் பாடம் என்ன தெரியுமா? தண்ணீரைச் சிந்தாமல் ஒரு குவளையிலிருந்து இன்னொன்றில் ஊற்றுவது, மேசையைத் துடைப்பது, பித்தானைப் போடுவது, தரையைக் கூட்டுவது. எழுத்தை அறிமுகப்படுத்த, சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவ வைத்தார். இன்று பெருநகரங்களில் அவர் பெயர் தாங்கிய பள்ளிகளில் பெரும் கட்டணம் செலுத்தி நம்மவர்கள் வாங்குவது இதைத்தான். இந்தக் குவளையும் தண்ணீரும் துடைப்பமும் நம் வீடுகளில் இல்லையா? இருக்கின்றன. தள்ளிப்போ, சிந்திவிடுவாய் என்று சொல்லிப் பிள்ளையை நாம்தான் அவற்றிலிருந்து விரட்டுகிறோம்.

வீட்டில் செய்யத்தக்கவை

தாய்மார்களே, நன்னிமார்களே! இனி உங்களுக்கான பகுதி. இவற்றை ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. நாளுக்கு ஒன்று போதும்.

முதலாவது, தரம் பிரித்தல். துவரை, உளுந்து, பச்சைப்பயறு மூன்றையும் ஒரு கைப்பிடி கலந்து, மூன்று கிண்ணங்களில் பிரிக்கச் சொல்லுங்கள். எது ஒன்றுபோல் இருக்கிறது, எது வேறுபடுகிறது என்று காண்பதுதான் கணிதத்தின் முதல் படி. எடுக்கும் விரல்களுக்கும் அது பயிற்சி. நிலக்கடலை உடைப்பது, பட்டாணி உரிப்பது, ரொட்டி மாவு பிசைவது ஆகியவையும் அத்தகையவையே. ஓர் எச்சரிக்கை: நம் பகுதியில் முந்திரி மிகுதி. பச்சை முந்திரிக் கொட்டையைப் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும். எந்தக் கொட்டையையும் பயறையும் பிள்ளை மூக்கிலோ வாயிலோ போட்டுக் கொள்ளக்கூடும். ஆகவே பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் இந்த விளையாட்டு வேண்டாம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அறவே வேண்டாம்.

இரண்டாவது, எண்ணுதல். ஒன்று முதல் நூறு வரை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளையிடம் நான்கு கரண்டி எடுத்து வா என்றால், கை நிறைய அள்ளி வரும். சொல்வது வேறு, எண்ணுவது வேறு. ஸஹனைச் சுற்றி எத்தனை பேர் அமர்கிறோம், எத்தனை குவளை வேண்டும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு குவளை என்று வைத்து வரட்டும். நோன்புக் காலத்தில் கஞ்சிக் கிண்ணங்களை எடுத்து வைக்கும் பொறுப்பை வீட்டின் மிகச் சிறியவருக்குக் கொடுத்துப் பாருங்கள். மக்ரிப் பாங்கு எப்போது வரும் என்று அதுவே காத்திருக்கும்.

மூன்றாவது, உளூ. நாம் நாள்தோறும் செய்யும் உளூவில் எத்தனை பாடங்கள் அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள். மும்முறை கழுவுவதில் எண்ணிக்கை. வலப்புறம் முதலில், இடப்புறம் அடுத்து என்பதில் திசை. முகத்துக்குப் பின் கை, தலைக்குப் பின் கால் என்பதில் வரிசை. குழாயை அளவாகத் திறப்பதில் சிக்கனம். ஏவ வேண்டாம், நீங்கள் செய்யும்போது பக்கத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள். அடுத்தது எது என்று அதனிடமே கேளுங்கள். நீங்கள் வேண்டுமென்றே வரிசையை மாற்றினால் அது உங்களைத் திருத்தும். பிள்ளை நம்மைத் திருத்தும் அந்த நேரத்தில்தான் அது கற்றுவிட்டது என்று நாம் அறிகிறோம்.

நான்காவது, ஓசை விளையாட்டு. பள்ளி, பழம், பந்து என்று நீங்கள் மூன்று சொன்னால், அதே ஓசையில் தொடங்கும் நான்காவதைப் பிள்ளை சொல்லட்டும். துணி மடிக்கும்போதும், தலை வாரும்போதும் இதைச் செய்யலாம். எழுத்தைக் காட்டத் தொடங்கும்போது பிள்ளையின் பெயரிலிருந்து தொடங்குங்கள். தட்டில் ரவையையோ மணலையோ பரப்பி, விரலால் எழுதி அழிக்கட்டும். தவறு மணலோடு போய்விடும். சிவப்பு மையால் அடித்துக் காட்ட அங்கே ஒன்றும் இராது.

ஐந்தாவது, கதை. நூஹ் (அலை) அவர்களின் கப்பலில் எந்தெந்தப் பிராணிகள் ஏறியிருக்கும் என்று கேளுங்கள். பிள்ளை யானையைச் சொல்லும், பூனையைச் சொல்லும், தன் வீட்டு ஆட்டையும் சொல்லும். நீங்கள் சொன்ன கதையை மறுநாள் அது உங்களுக்குச் சொல்லட்டும். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளைக் குறைத்து, ஏன், எப்படி, பிறகு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பதில் வரச் சற்று நேரமாகும், காத்திருங்கள்.

ஆறாவது, பிறை. மாதத்தின் முதல் பிறையைக் காட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். அடுத்தடுத்த இரவுகளிலும் பிள்ளையை மாடிக்கு அழைத்துச் சென்று, நிலா வளர்வதைப் பார்க்கச் சொல்லி, பார்த்ததைச் சுவரில் ஒட்டிய தாளில் வரையச் சொல்லுங்கள். பார்ப்பது, நினைவில் வைப்பது, ஒப்பிடுவது என்ற மூன்றும் விஞ்ஞானத்தின் அடிப்படைகளாகும்.

படிக்காத தாயால் முடியுமா?

ஹள்ரத், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், என்னால் முடியுமா என்று ஒரு சகோதரி கேட்டனுப்பினார். துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரில் 1982ஆம் ஆண்டு, பேராசிரியர்கள் சிலர் இதே கேள்வியை எடுத்துக் கொண்டனர். கிராமங்களிலிருந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர் குடும்பங்களின் தாய்மார்களை, அவர்களில் பெரும்பாலோர் தொடக்கக் கல்வியோடு நின்றவர்கள், தேர்ந்தெடுத்தனர். வீட்டில் பிள்ளையோடு செய்ய வேண்டிய சிறு பயிற்சிகளைக் கற்றுக் கொடுத்து, குழுவாக அமரவைத்துக் கலந்து பேசவும் செய்தனர். பத்தாண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, அத்தாய்மார்களின் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளை விட அதிகமாகப் பள்ளியில் தொடர்ந்து படித்துக் கொண்டிருந்தனர்.

ஜமைக்கா என்ற சிறு தீவு நாட்டிலும் 1986-87இல் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் சென்று, ஒரு மணி நேரம் தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடக் கற்றுக் கொடுத்தார். விளையாட்டுப் பொருள்கள் வீட்டில் வீசி எறியும் பொருள்களிலிருந்து செய்யப்பட்டவை. இரண்டாண்டுகள் இது நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவ்வாறு விளையாடக் கற்ற பிள்ளைகளின் வருமானம், அந்த வாய்ப்புப் பெறாத பிள்ளைகளின் வருமானத்தை விட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்த ஆய்வு முடிவு 2014இல் வெளியாயிற்று.

எனவே, சகோதரியே, உங்களால் முடியும். கைநாட்டு வைத்த என் தாயாரால் முடிந்தது.

செல்போனும் வெளிநாட்டில் இருக்கும் அத்தாமார்களும்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் திரை முன் அமரும் நேரம் ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது, குறைவது நல்லது. ஓடி ஆடும் நேரம் மூன்று மணிக்குக் குறையக் கூடாது. உறக்கம் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் வேண்டும். செல்போன் பிள்ளையிடம் ஓயாமல் பேசுகிறது. ஆனால் பிள்ளை பேசுவதை அது கேட்பதில்லை. கேட்பவர் இல்லாத இடத்தில் பேச்சு வளராது. மூன்று வயதாகியும் பிள்ளை இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசவில்லையென்றால், வாய் திறக்க நாளாகும் என்று காத்திருக்காமல், அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று செவித்திறனைப் பரிசோதியுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதே செல்போன் நன்மைக்கும் கருவியாகும். நம் ஊர்ச் சபுராளிகள் வளைகுடா நாடுகளிலிருந்து வீடியோவில் பேசும்போது, சாப்பிட்டாயா, ரைம்ஸ் சொல்லு என்பதோடு நிறுத்தி விடுகிறார்கள். இன்று நன்னியோடு என்ன செய்தாய் என்று கேளுங்கள். நீங்கள் சமைத்த சோற்றைக் காட்டுங்கள். உங்கள் அறையில் எத்தனை கட்டில் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு கதையின் பாதியைச் சொல்லி, மீதி நாளைக்கு என்று வையுங்கள். அடுத்த நாள் உங்கள் அழைப்புக்காகப் பிள்ளை காத்திருக்கும். கடலுக்கு அப்பால் இருந்தும் அத்தாவாக இருக்க முடியும்.

மனுவைப் பற்றி

இறுதியாக, பொதுக்குழுவின் முன் இருக்கும் மனுவுக்கு வருகிறேன். மழலையர் வகுப்புத் தொடங்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு அரசு அங்கீகாரம் வேண்டும், பயிற்சி பெற்ற ஆசிரியைகள் வேண்டும், பாதுகாப்பான படிக்கட்டும் கழிப்பறையும் வேண்டும். இவற்றையெல்லாம் எண்ணி, நிதானமாக முடிவெடுங்கள். வேனில் ஏற்றி அனுப்பும் அதே நோட்டையும் பென்சிலையும் பள்ளிவாசலின் மேல்தளத்திற்குக் கொண்டு வருவதுதான் திட்டமென்றால், அதனால் பிள்ளைக்கு லாபம் வேன் கட்டணம் மட்டுமே.

அங்கன்வாடியையும் மறந்துவிடாதீர்கள். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்ட திட்டம் அது. சத்துமாவுக்கும் முட்டைக்கும் மட்டுமே உரிய இடம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி அளிப்பதும் அதன் கடமை. ஆடிப் பாடி விளையாடு பாப்பா என்ற பெயரில் பாடத்திட்டமே இருக்கிறது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடிகளில் 2019இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பட்டன. நம் தாய்மார்கள் அங்கே சென்று, பணியாளரிடம் பேசி, பிள்ளை அன்று செய்ததைக் கேட்டு, அதையே வீட்டில் தொடர வேண்டும். கேட்பவர்கள் இருக்கும் இடத்தில் பணியும் சிறக்கும்.

என் பொறுப்பில் இருக்கும் மக்தபைப் பொறுத்தவரை, இன்று உங்கள் முன்னிலையில் இரண்டு விஷயங்களை அறிவிக்கிறேன். ஐந்து வயது நிறையாத பிள்ளையின் கையில் இனி நான் பென்சில் கொடுக்க மாட்டேன். கேட்டும் பார்த்தும் தடவியும் ஓதட்டும். இரண்டாவது, மக்தபில் இனி பிரம்பு இருக்காது. இருந்த பிரம்பை நான் இன்று காலையிலேயே முறித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

கமிட்டியிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லுஹருக்குப் பின், மதரஸாக் கூடத்தைத் தாய்மார்களுக்கும் நன்னிமார்களுக்கும் திறந்து விடுங்கள். அங்கே பிள்ளைகளோடு வந்து, தம் வீட்டில் செய்த ஒரு விளையாட்டை ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குச் செய்து காட்டட்டும். உரை நிகழ்த்த ஆள் தேவையில்லை. நானும் வர வேண்டியதில்லை. ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் மேல்தளத்தில் வகுப்பு வேண்டும் என்று அத்தாய்மார்களே சொன்னால், அதற்கு முதல் நன்கொடை என் சம்பளத்திலிருந்து வரும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை நம் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்கி வைப்பானாக. அவர்களோடு அமர்வதற்கான பொறுமையையும், அவர்கள் பேசுவதைக் கேட்கும் செவியையும் நமக்குத் தந்தருள்வானாக. நம்மை வளர்த்து ஆளாக்கிவிட்டு மறைந்த தாய் தந்தையரின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.